ஒரே ஒரு ஸ்பேஸ்: நான் டெர்மினல் கத்துக்கிட்ட கதை

(ஒலிவடிவத்திலிருந்து எழுத்துக்கு மாற்றப்பட்டது. பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். முதல் வருஷம் இன்ஜினியரிங். "அண்ணா, லினக்ஸ் கத்துக்கலாம்னு இருக்கேன். மொத்தம் எத்தனை கமாண்ட் மனப்பாடம் பண்ணணும்? லிஸ்ட் இருந்தா அனுப்புங்க"ன்னு கேட்டிருந்தார்.

தம்பி, லிஸ்ட் அனுப்பலைன்னு கோவிச்சுக்காதீங்க. காலேஜ் ரெண்டாவது வருஷத்துல எனக்கு ஒரு நாற்பது கமாண்டாவது மனப்பாடமா தெரியும். அதுல ஒன்னை வெச்சுத்தான் ஒரு அக்காவோட எம்.ஃபில் ஆய்வேட்டை அழிச்சேன். இன்னிக்கு அந்தக் கதையைச் சொல்றேன். இதுவரைக்கும் இந்த மைக்ல சொன்னதில்லை.

லேப்டாப் வந்த கதை

நான் ஸ்ரீரங்கத்துப் பையன். அரசு உதவி பெறும் பள்ளியில படிச்சேன். 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. அப்போ முதலமைச்சரா இருந்த ஜெயலலிதா எங்க ஸ்ரீரங்கம் தொகுதியோட எம்.எல்.ஏ.வும் கூட. அதனால லேப்டாப் வந்த அன்னிக்கு எங்க தெருவுல பேச்சு கொஞ்சம் ஜாஸ்தியாவே இருந்தது.

எனக்கு வந்தது பிளஸ் டூ படிக்கும்போது. அதை ஆன் பண்ணா ஒரு மெனு வரும். ஒன்னு விண்டோஸ், இன்னொன்னு பாஸ். பாஸ்னா பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வெச்சு உருவாக்கினது. எங்க வகுப்புல எல்லாரும் அந்த மெனுவுல விண்டோஸைத்தான் தொட்டோம். இன்னொன்னு எதுக்கு இருக்குன்னு கேட்டவங்களும் இல்ல, சொல்லிக் கொடுத்தவங்களும் இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும்தான். 2014ல விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தினப்போ, அரசு அலுவலகங்களையே பாஸுக்கு மாறச் சொன்னாங்க. ஆனா கையில இருந்த எங்களுக்கு அது என்னன்னே தெரியாது.

ஒருநாள் கை தவறி கீழ் அம்புக்குறியை அழுத்திட்டேன். பாஸ் திறந்துச்சு. மெனுவை நோண்டிக்கிட்டே போனா டெர்மினல்னு ஒன்னு. திறந்தா கருப்புத் திரை, மினுக்கிக்கிட்டு ஒரு கோடு. அதுல "ஹலோ"ன்னு அடிச்சேன். அப்படி ஒரு கமாண்டே இல்லைன்னு சொல்லிடுச்சு. எங்க நட்பு அப்படித்தான் ஆரம்பிச்சது.

காட்டறதும் சொல்றதும்

டெர்மினல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம்.

மவுஸ்ல நாம கம்ப்யூட்டருக்குக் காட்டறோம். இதைத் திற, அதை இழுத்து இங்க போடுன்னு. டெர்மினல்ல காட்டறதில்லை, சொல்றோம். காட்டணும்னா அந்தப் பொருள் கண்ணு முன்னாடி இருக்கணும். சொல்றதுக்கு அது வேண்டாம். "போன மாசம் மாத்தின படம் எல்லாத்தையும் அந்த ஃபோல்டருக்கு நகர்த்து"ன்னு ஒரே வரியில ஆயிரம் ஃபைலைப் பத்திப் பேசலாம். மும்பையில எங்கயோ ஒரு கூடத்துல மானிட்டரே இல்லாம ஓடிக்கிட்டிருக்கிற சர்வர் கிட்டயும் அதே மாதிரி பேசலாம். இன்னிக்கும் சர்வர் பார்த்துக்கிறவங்க கமாண்டை விடாததுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். இந்த கமாண்டெல்லாம் ஏன் எல்எஸ், சிபி, எம்வி, ஆர்எம்னு ரெண்டெழுத்துல இருக்கு? இதோட பாட்டன் யூனிக்ஸ். 1969ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பிச்சது. அப்போ அவங்க பெரும்பாலும் கமாண்ட் அடிச்சது திரையில இல்ல. டெலிடைப்னு காகிதத்துல தட்டற மெஷின், வினாடிக்குப் பத்து எழுத்துதான் போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருக்கணும். அதனால கமாண்டும் சின்னது, பதிலும் சின்னது. வேலை சரியா முடிஞ்சா பதிலே வராது. தப்பு நடந்தாதான் பேசும்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதைக்கு வேணும்.

பென்டிரைவ் டாக்டர்

கீழச் சித்திரை வீதியில எங்க அத்தை ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்காங்க. கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, பிராஜெக்ட் ரிப்போர்ட், தீசிஸ் எல்லாம் அடிச்சுக் கொடுப்பாங்க. அப்போ எல்லா ஜெராக்ஸ் கடைக்கும் ஒரே வியாதி, ஷார்ட்கட் வைரஸ். பென்டிரைவைச் சொருகினா உள்ள இருக்கிற ஃபைல், ஃபோல்டர் எல்லாம் மறைஞ்சு, அதே பேர்ல ஷார்ட்கட் மட்டும் நிக்கும். அதைக் கிளிக் பண்ணா வைரஸ் அடுத்த மெஷினுக்குத் தாவிடும்.

நம்ம லேப்டாப்ல பாஸுக்குள்ள போய் அந்தப் பென்டிரைவைச் சொருகினா வைரஸ் பாச்சா பலிக்காது. விண்டோஸுக்கு மறைச்சு வெச்ச ஃபைலெல்லாம் எல்எஸ்னு அடிச்சா பட்டுனு தெரியும். ஷார்ட்கட் எல்லாம் டாட் எல்என்கேன்னு முடியும். ஆர்எம், ஒரு ஸ்பேஸ், ஸ்டார் டாட் எல்என்கே. அவ்வளவுதான், எல்லாம் சுத்தம். ஸ்டார்னா "முன்னாடி என்ன பேரா இருந்தாலும்"னு அர்த்தம். சாயங்காலம் காலேஜ் விட்டு வந்தா கடையில பென்டிரைவோட ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க. எனக்கு அதுல ஒரு பெருமை. வேகமா அடிப்பேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்க்கிறவங்க வாயைப் பொளக்கணும்ல?

ஒருநாள் கடை கம்ப்யூட்டருக்கே அந்த வியாதி முத்திப்போச்சு. ஃபார்மேட் பண்ணிடலாம்னு நான்தான் சொன்னேன். அதுல இருந்ததை எல்லாம் ஒரு பென்டிரைவ்ல ஏத்தினோம். பழசு ஃபோல்டர்ல இருந்தது, நடப்பு வேலை எல்லாம் வெளிய அப்படியே கிடந்தது. ஃபார்மேட் முடிஞ்சு புது விண்டோஸும் ஏத்தியாச்சு. இப்போ எல்லா வேலைக்கும் ஒரே காப்பி, அந்தப் பென்டிரைவ்தான். அதுலயும் வைரஸ் இருக்கும்ல, சுத்தம் பண்ணிட்டுத் திரும்ப ஏத்தலாம்னு என் லேப்டாப்ல சொருகினேன்.

அடிச்சேன். ஆர்எம், ஸ்பேஸ், ஸ்டார், ஸ்பேஸ், டாட் எல்என்கே.

கவனிச்சீங்களா? ஸ்டாருக்கும் டாட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ். பெருவிரல் தவறி பட்டிருக்கு.

எப்பவும் பேசாத டெர்மினல் அன்னிக்குப் பேசிச்சு. "இது ஃபோல்டர், அழிக்க முடியாது"ன்னு நாலஞ்சு வரி. கடைசியா "டாட் எல்என்கேன்னு ஒரு ஃபைலே இல்ல"ன்னு ஒரு வரி. என்னடா புதுசான்னு எல்எஸ் அடிச்சேன். ஃபோல்டருங்க மட்டும் இருந்தது. வெளிய கிடந்த ஒரு ஃபைலும் இல்ல.

நடந்தது இதுதான். ஸ்டாரை ஆர்எம் பார்க்கிறதே இல்ல. அதுக்கு முன்னாடியே ஷெல்னு ஒன்னு நடுவுல இருந்து, ஸ்டாரை எடுத்துட்டு அங்க பொருந்தற பேரை எல்லாம் எழுதி, அந்தப் பட்டியலை ஆர்எம் கையில கொடுக்கும். ஸ்பேஸ் விட்டதால ஸ்டார் தனி, டாட் எல்என்கே தனி. தனி ஸ்டார்னா "இங்க இருக்கிற எல்லாம்". ஆர்எம் தப்பே பண்ணல. நான் சொன்னதைத்தான் செஞ்சுச்சு. டெர்மினல்ல ஆர்எம் போட்டா ரீசைக்கிள் பின்னும் கிடையாது.

அதுக்கப்புறம் நான் பண்ணது அதைவிடப் பெரிய தப்பு. அழிச்ச ஃபைல் உடனே பென்டிரைவை விட்டுப் போயிடாது. அந்த இடம் காலின்னு குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். மேல வேற எதுவும் எழுதாம இருந்தா ரிக்கவரி டூல் போட்டு எடுக்க வாய்ப்பு உண்டு. எனக்கு அது தெரியாது. பதட்டத்துல பென்டிரைவ் நல்லா இருக்கான்னு பார்க்க, நாலஞ்சு படத்தை அதுலயே காப்பி பண்ணேன். அப்புறம் டூல் போட்டதுல வந்ததெல்லாம் பாதிப் பக்கமும் குப்பை எழுத்தும்.

போனதுல முக்கியமானது அந்த அக்காவோட ஆய்வேடு. தமிழ் எம்.ஃபில். ரெண்டு இயல் ஃபோல்டருக்குள்ள இருந்ததால தப்பிச்சது. மூணு இயல், 64 பக்கம், போயிடுச்சு. சமர்ப்பிக்க நாலு நாள்.

அத்தையோட பேக்கப்

அத்தைகிட்ட எப்படிச் சொன்னேன்னு ஞாபகமே இல்ல. அவங்க திட்டல. கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்துட்டு, "ப்ரூஃப் இருக்கு, எழுந்திரு"ன்னாங்க. பிழை திருத்தறதுக்காகப் பிரிண்ட் எடுத்த காகிதத்தை அத்தை தூக்கிப் போடவே மாட்டாங்க. வேலை முடிஞ்சு பணம் வாங்கற வரைக்கும் கயிறு கட்டி அலமாரியில வைப்பாங்க. "இதையெல்லாம் எதுக்கு அத்தை குப்பை மாதிரி சேர்த்து வெச்சிருக்கீங்க"ன்னு நான் பலதடவை கிண்டல் பண்ணியிருக்கேன்.

நான் கேட்டேன், "அந்த அக்காகிட்ட வைரஸ்னு சொல்லிடலாமா அத்தை?" அத்தை சொன்னாங்க, "அவ நம்பித்தானடா கொடுத்தா. நீயே போன் பண்ணிச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மறுநாள் சாயங்காலம் அவங்களே கடைக்கு வந்துட்டாங்க. மூணு ராத்திரி. நான் வாய்விட்டுப் படிக்க, அத்தை அடிக்க, அக்கா பக்கத்துல உட்கார்ந்து திருத்த. ஒத்தெழுத்து எங்க வரும், வராதுன்னு எனக்கு இன்னிக்குக் கொஞ்சமாவது தெரியும்னா அந்த மூணு ராத்திரிதான் காரணம். நாலாம் நாள் பைண்டிங் ஆகிப் போச்சு. அத்தை அந்த வேலைக்குக் காசு வாங்கல. ரெண்டாவது ராத்திரி டீ குடிக்கும்போது மட்டும் ஒன்னு சொன்னாங்க: "நான் கடையில ஒரு பையனை வெச்சிருந்தேன். என்ன சொன்னாலும் எதுக்குன்னு கேக்காம செஞ்சிடுவான். அவன்கிட்ட வேலை சொல்றதுக்கு முன்னாடி நான் ரெண்டு தடவை யோசிப்பேன். உன் பெட்டியும் அந்த மாதிரிதான் போல."

கமாண்டுக்கு முன்னாடி மூணு கேள்வி

தம்பி, உங்க கேள்விக்கு இப்போ வர்றேன். எத்தனை கமாண்ட் தெரியும்ங்கிறது பெரிய விஷயமில்ல. மவுஸ்ல அழிச்சா பல நேரம் "நிச்சயமா அழிக்கணுமா?"ன்னு ஒரு பெட்டி வரும். டெர்மினல் பெரும்பாலும் அதைக் கேக்காது. அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கப் பழகறதுதான் டெர்மினல் கத்துக்கறது. நான் மூணு கேள்வி வெச்சிருக்கேன்.

ஒன்னு, இது எதையெல்லாம் தொடும்? அழிக்கறதுக்கு முன்னாடி அதே வரியில ஆர்எம்முக்குப் பதிலா எல்எஸ் போட்டுப் பாருங்க. அன்னிக்கு நான் எல்எஸ், ஸ்டார், ஸ்பேஸ், டாட் எல்என்கேன்னு அடிச்சிருந்தா மொத்த ஃபைலும் வரிசையா வந்து நின்னிருக்கும். அழியப்போறது என்னன்னு கண்ணால பார்த்திருப்பேன். அஞ்சு வினாடி வேலை. ஆர்எம்மோட ஹைஃபன் ஐ சேர்த்தா ஒவ்வொன்னா கேட்டுக் கேட்டு அழிக்கும், அதுவும் நல்ல பழக்கம்.

ரெண்டு, நான் எங்க நிக்கறேன்? இதுக்கு பிடபிள்யூடின்னு ஒரு கமாண்ட். பொதுப்பணித்துறை இல்லங்க, நீங்க இப்போ எந்த ஃபோல்டர்ல இருக்கீங்கன்னு சொல்றது. ஸ்ரீரங்கம் வந்தவங்களுக்கு இது சுலபமா புரியும். தெற்கு ராஜகோபுரம் வழியா உள்ள வந்தா முதல்ல அடையவளஞ்சான் வீதி. அடுத்த மதிலைத் தாண்டினா சித்திரை வீதி. அதுக்கும் உள்ள உத்திர வீதி. ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர். ராஜகோபுரத்துல இருந்து வழி சொன்னா நீங்க எங்க நின்னாலும் ஒரே வீட்டுக்குத்தான் போவீங்க. லினக்ஸ்ல ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற முழுப் பாதை அந்த மாதிரி. ஆனா "திரும்பி மூணாவது வீடு"ன்னு சொன்னா? சித்திரை வீதியே கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குன்னு நாலு இருக்கு. எதுல நிக்கறீங்களோ அந்த வீதியோட மூணாவது வீடு. ஆட்டோக்காரர்னா "எந்தச் சித்திரை வீதி?"ன்னு கேப்பார். டெர்மினல் கேக்காது, போய்க் கதவைத் தட்டிடும்.

இது பெரிய ஆளுங்களுக்கும் நடக்கும். 2017 ஜனவரி 31 ராத்திரி, கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர் ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல இருக்கிறதா நினைச்சு ஒரு ஃபோல்டரை அழிச்சார். நின்னது முதல் சர்வர்ல, வாடிக்கையாளர் டேட்டா ஓடிக்கிட்டிருந்த சர்வர்ல. சில வினாடியில சுதாரிச்சு நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப், பிரதின்னு வெச்சிருந்த அஞ்சு வழியும் கைகொடுக்கல. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காகக் கையால எடுத்து வெச்ச ஒரு பிரதிதான் காப்பாத்துச்சு. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். எனக்கு அந்த நிறுவனத்தைப் பிடிச்சதுக்குக் காரணம், அவங்க மறைக்கல. நடந்ததை எழுதி வெளியிட்டாங்க, மீட்கிற வேலையை யூடியூப்ல நேரலையா காட்டினாங்க. படிக்கும்போது எனக்கு அத்தை கடை போன்தான் ஞாபகம் வந்தது.

இன்னிக்கு என் வேலையில, நிஜ சர்வர்னா டெர்மினல் பிராம்ப்ட் சிவப்பு, சோதனை சர்வர்னா பச்சைன்னு வெச்சிருக்கேன். அப்படியும் அழிக்கறதுக்கு முன்னாடி ஹோஸ்ட்நேம்னு ஒரு தடவை அடிப்பேன். டீம்ல சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

மூணு, நான் யாரா நிக்கறேன்? ஹூஅம்ஐன்னு அடிச்சா உங்க பேர் வரும். ரூட்னு வந்தா கொத்துச் சாவி மொத்தமும் உங்க இடுப்புல இருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் ஆரம்பத்துல என்ன பண்ணுவோம்? "பெர்மிஷன் டினைட்"னு வந்ததும் யோசிக்காம முன்னாடி சூடோ சேர்த்து மறுபடி அடிப்போம். டெர்மினல் நம்மளை நிறுத்திக் கேள்வி கேக்கிறதே அபூர்வம், கேட்ட அந்த ஒரு இடத்துலயும் வாயை மூடுன்னு சொல்ற மாதிரி அது. ஏன் அனுமதி இல்லைன்னு ஒரு நிமிஷம் பாருங்க. பாதி நேரம் நாம தப்பான இடத்துல நிப்போம்.

இப்போ இந்த மூணு கேள்வி இன்னும் முக்கியம். நீங்க கமாண்டை மனப்பாடம் பண்ணவே வேண்டாம், ஏஐ கிட்ட கேட்டா தந்துடும். காப்பி, பேஸ்ட், என்டர். ஆனா நீங்க எந்த சர்வர்ல, எந்த ஃபோல்டர்ல, யாரா நிக்கறீங்கன்னு நீங்க சொன்னாத்தான் அதுக்குத் தெரியும். என்டர் அடிக்கிற விரல் உங்களோடது. புரியாத வரியை ஒட்டறதுக்கு முன்னாடி மேன்னு அடிச்சு அந்த கமாண்ட் பேரைப் போடுங்க. அதோட கையேடு உள்ளயே இருக்கு.

எங்க ஆரம்பிக்கலாம்

தனி கம்ப்யூட்டர் வேணும்னு இல்ல. ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ் போட்டாலே போதும். நான் சத்திரத்துல இருந்து ஒன்னாம் நம்பர் பஸ்ல வீட்டுக்கு வர்ற நேரத்துல நிறைய பழகியிருக்கேன். விண்டோஸ் லேப்டாப்னா டபிள்யூஎஸ்எல் இருக்கு. வீட்டுல அந்தப் பழைய அரசு லேப்டாப் தூசியடைஞ்சு கிடந்தா இன்னும் நல்லது, அதுல லினக்ஸ் போட்டு தைரியமா உடைங்க. ஆனா அதுல இருக்கிற குடும்ப போட்டோவை முதல்ல வேற இடத்துல எடுத்து வெச்சுட்டு.

முதல் வாரம் நாலே கமாண்ட்: பிடபிள்யூடி, எல்எஸ், சிடி, எம்கேடிஐஆர். உங்க தெருவை ஃபோல்டரா கட்டுங்க. உள்ள போங்க, டாட் டாட் போட்டு வெளிய வாங்க, வேணும்னே தொலைஞ்சு போய் வழி கண்டுபிடிங்க. ரெண்டாவது வாரம் சிபி, எம்வி. ஆர்எம் மூணாவது வாரம்தான், அதுவும் நகல் எடுத்து வெச்ச பிறகு. தமிழ்லயே படிக்கணும்னா நித்யா துரைசாமி எழுதின "எளிய தமிழில் ஜிஎன்யு லினக்ஸ்" இலவச மின்னூலா கிடைக்குது.

அத்தை கடை இன்னும் இருக்கு. போன மாசம் ஊருக்குப் போனப்போ புது கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் மாத்திக் கொடுத்தேன். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல நகல் எடுத்து, திறந்தும் காட்டினேன். "சரிடா"ன்னாங்க. அலமாரியைப் பார்த்தேன். கயிறு கட்டின ப்ரூஃப் கட்டு அப்படியே இருந்தது. இந்தத் தடவை நான் ஒன்னும் சொல்லல.

அடுத்த எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் உங்ககிட்ட ஒரே ஒரு காப்பியா இருக்கிற ஃபைல் எதுன்னு யோசிச்சு, இன்னிக்கு ராத்திரியே இன்னொரு இடத்துல போட்டு வைங்க.